சிறு இணையதளத்துக்கு பக் டிராக்கர்: தேர்ந்தெடுக்கப் பயனுள்ள குறிப்புகள்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கி, ஆத்தங்குடி டைல்ஸ், ஆச்சிமார் கைப்பக்குவத்தில் வரும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள்கள் என்று செட்டிநாட்டுச் சரக்கு பலவும் இன்று இணையதளம் வழியாகவும் விற்பனையாகின்றன. தளத்தை அமைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அண்ணன் மகனாக இருப்பார், அல்லது பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளாக இருப்பார்கள். தளம் ஓடத் தொடங்கியதும் புகார்களும் வரத் தொடங்கும். மலேசியாவில் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம். நம் தளம் ஆறு இலக்கம் கேட்டு ஆர்டரை நிறுத்திவிடும். பணம் போயிருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. செல்போனில் சேலைப் படம் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும்.

இப்படிப்பட்ட பிழைகளை ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதிவைத்து, யார் சரிசெய்கிறார், வேலை முடிந்ததா என்று கவனித்துக்கொள்ள உதவும் மென்பொருள்தான் பக் டிராக்கர். இலவசமாகவும் கட்டணத்துக்கும் நிறையக் கிடைக்கின்றன. பெரிய கம்பெனிகளுக்குப் பொருந்துவது நம் கடைக்குப் பொருந்தாது. தேடத் தொடங்கும் முன் கீழே உள்ளவற்றைப் படித்துவிடுங்கள்.

1. முதலில் ஆட்களை எழுதுங்கள். யார் யார் பிழையைக் கண்டு சொல்லப் போகிறார்கள்? கடை முதலாளி, பேக்கிங் பார்க்கும் அக்கா, கோலாலம்பூரில் இருக்கும் மைத்துனர், தளத்தை எழுதிய பையன். இவர்களில் கம்ப்யூட்டரோடு பழக்கம் மிகக் குறைவாக உள்ளவர் எதில் தயங்காமல் எழுதுவாரோ, அதுதான் உங்களுக்கு ஏற்ற மென்பொருள். புரோகிராமருக்குப் பிடித்ததை அப்படியே ஏற்றுக்கொண்டால், அவர் கண்ட பிழைகள் மட்டும் பட்டியலில் இருக்கும். வாடிக்கையாளரோடு தினமும் பேசுகிறவர் கண்ட பிழைகள் வாய்ப்பேச்சிலேயே போய்விடும்.

2. வாட்ஸ்அப் குழுவை மூட வேண்டாம். ஆனால் அதைப் பதிவேடாக நம்பவும் வேண்டாம். "பேமென்ட் ஓடல" என்று ஒருவர் குரல் செய்தி போடுவார். அதற்கு மேல் நாற்பது வணக்கமும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் வந்து விழும். சொல்வதற்கு வாட்ஸ்அப், பதிவதற்கு டிராக்கர் என்று பிரித்துவிடுங்கள். குழுவில் வந்ததை அன்றன்றே டிராக்கரில் ஏற்றும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். ஏற்றியதும் அதன் எண்ணைக் குழுவில் போட்டுவிட்டால் சொன்னவருக்கும் நிம்மதி.

3. இரண்டு மூன்று பேர் மட்டும்தான் என்றால் கூகுள் ஷீட்டே போதும். எண், தேதி, யார் சொன்னது, என்ன நடந்தது, எந்தச் சாதனம், யார் பொறுப்பு, நிலை என்று ஏழு பத்திகள் போட்டுத் தொடங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷீட்டை விட்டு வெளியேற வேண்டிய நேரம் தானாகத் தெரியும்: ஒரே கட்டத்துக்குள் இரண்டு பேர் உரையாடத் தொடங்குவார்கள், படங்களை வைக்க இடம் இருக்காது, ஒருவர் வரிசை மாற்றி அடுக்கியதில் இன்னொருவர் வரி இடம் மாறியிருக்கும். அதுவரை பொறுத்திருக்கலாம்.

4. கணக்கு யார் பெயரில்? நான் மிகவும் வலியுறுத்துவது இந்தக் குறிப்பைத்தான். இறுதியாண்டுப் பிள்ளைகள் தளத்தைக் கட்டி முடித்து, அடுத்த ஜூன் மாதம் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். டிராக்கர் அவர்களுடைய சொந்த ஜிமெயிலில் திறக்கப்பட்டிருந்தால் அதுவரை எழுதிய அத்தனையும் அவர்களோடு போய்விடும். மனம் ஒத்துப் பிரிந்தாலும் கடவுச்சொல் மறந்துபோவது, கல்லூரி மின்னஞ்சல் முகவரி காலாவதியாவது எல்லாம் நடக்கக்கூடியவையே.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் இதற்கு ஒழுங்கு இருந்தது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள் இருப்பார்கள். மேலாள் பெரும்பாலும் மூன்று வருடத் தவணைக்குப் போவார். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது பேரேடு கடையிலேயே இருக்கும். அடுத்து வருகிறவர் அதைப் பிரித்துப் படித்து வேலையைத் தொடர்வார். எழுதுகிற கை மாறினாலும் ஏடு முதலாளியுடையது. இணையதளத்தின் பிழைப் பதிவேட்டுக்கும் அதுவே முறை.

ஆகவே கடையின் பெயரில் தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதையே டிராக்கரின் உரிமையாளர் கணக்காக வையுங்கள். புரோகிராமர் அதில் சேர்க்கப்பட்ட உறுப்பினராக மட்டும் இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பு கேட்கும் ஓடிபி கடை முதலாளியின் எண்ணுக்கோ செயலிக்கோ வர வேண்டும். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துக் கடைப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

5. உள்ளே போனது வெளியே வருமா என்று முதல் நாளே சோதியுங்கள். கூகுள் நிறுவனமே நடத்திய கூகுள் கோட் என்ற சேவையில் உலகெங்கும் உள்ள திட்டங்களின் நிரல்களும் பிழைப் பட்டியல்களும் இருந்தன. 2015 மார்ச்சில் மூடப் போவதாக அறிவித்து, 2016 ஜனவரியில் மூடிவிட்டார்கள். பெரிய பெயர் என்பது நிரந்தரத்துக்கு உறுதியல்ல. ஐந்து பொய்ப் பதிவுகளை எழுதி, ஒரு படமும் இணைத்து, எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். கருத்துரைகளும் வருகின்றனவா, தலைப்பு மட்டும்தானா என்று கவனியுங்கள். பல சேவைகளில் தலைப்புகள் எளிதாக வந்துவிடும், அடியில் நடந்த உரையாடல் வராது. பிழையை எப்படிச் சரிசெய்தார்கள் என்பது அந்த உரையாடலில்தான் இருக்கும்.

ஒரு சிறு உதவி: வெளியே எடுத்த சிஎஸ்வியை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் முழுதும் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும். கோப்பு கெட்டுப்போகவில்லை. எக்ஸெலில் டேட்டா என்ற தாவலுக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து கொண்டுவரும் வசதியைத் தேர்ந்து, எழுத்துமுறையாக யுடிஎஃப்-8 என்று குறித்தால் தமிழ் சரியாக வரும். கூகுள் ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை.

6. தமிழில் எழுதி, தமிழில் தேடிப் பாருங்கள். "தமிழ் வரும்" என்று விற்பவர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எழுதுவது ஒன்று, தேடுவது வேறொன்று.

"படம்" என்று தேடினால் "படத்தில் நிறம் மாறித் தெரிகிறது" என்ற பதிவு கிடைக்காது. "பணம்" என்று தேடினால் "பணத்தைக் காணோம்" கிடைக்காது. வேற்றுமை ஏறும்போது சொல்லின் உருவம் மாறிவிடுகிறது, தேடும் மென்பொருளுக்கு அந்த இலக்கணம் தெரியாது. இதற்கு எளிய வழி லேபிள். பணம், படம், முகவரி, கூரியர், விலை, உள்நுழைவு என்று ஏழெட்டு லேபிள்களை முன்கூட்டியே வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்றை ஒட்டுங்கள். பிறகு சொல்லைத் தேட வேண்டாம், லேபிளைச் சொடுக்கினால் போதும். லேபிள் வசதி இல்லாத டிராக்கரைத் தமிழில் வேலை செய்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

கடைப் பெயரில் ஸ்ரீ இருந்தால் இன்னும் ஒரு சோதனை வேண்டும். யூனிகோடில் அந்த எழுத்தை இரண்டு விதமாக உருவாக்கலாம்: ஸ என்ற எழுத்தில் தொடங்கி ஒரு வழி, பிற்பாடு சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தில் தொடங்கி இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு போன் ஒரு விதமாகவும் இன்னொரு போன் மற்ற விதமாகவும் தட்டச்சு செய்திருந்தால் தேடல் பாதியைக் காட்டி பாதியை விட்டுவிடும். உங்கள் தளத்தின் பொருள் தேடலிலும் இதே பிழை இருக்கலாம். டிராக்கரில் முதல் பதிவாக இதையே எழுதலாம்.

தலைப்பின் நீளத்தையும் பாருங்கள். காரைக்குடி என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது பத்துக் குறிகள், யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது முப்பது பைட். தலைப்புக்கு அளவு வைத்திருக்கும் மென்பொருளில் தமிழ் வரி ஆங்கில வரியைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும்.

7. செல்போனில் திறந்து பாருங்கள். பிழையைக் காண்பவர் அந்த நிமிடமே கையில் உள்ள போனில்தான் எழுதுவார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை இணைத்து, இரண்டு வரி எழுதி அனுப்ப எத்தனை தொடுதல் ஆகிறது என்று பாருங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் பார்க்காமல் சிக்னல் குறைவான இடத்திலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

8. கிட்ஹப் இஷ்யூஸ். தளத்தின் நிரல் ஏற்கனவே கிட்ஹப்பில் இருந்தால் இதை முதலில் எடைபோடுங்கள். 2020 ஏப்ரல் முதல் தனிப்பட்ட களஞ்சியங்களிலும் எத்தனை பேரை வேண்டுமானாலும் இலவசமாகச் சேர்க்கலாம். புரோகிராமர் தன் மாற்றக் குறிப்பில் "ஃபிக்ஸஸ் #12" என்று ஆங்கிலத்தில் எழுதி முதன்மைக் கிளையில் சேர்த்துவிட்டால் 12-ஆம் பதிவு தானாக மூடிக்கொள்ளும். எந்தப் பிழைக்கு எந்த வரி மாறியது என்ற தொடர்பு அங்கேயே நிலைத்துவிடும். பல வருடம் கழித்து வரும் புதிய ஆளுக்கு இதைவிட உதவி வேறில்லை.

தமிழ்நாட்டில் இது நன்றாக வேலை செய்வதைப் பார்க்க விரும்பினால் கணியம் அறக்கட்டளையின் கிட்ஹப் பக்கத்துக்குப் போங்கள். செய்ய வேண்டிய திட்டங்களுக்கென்றே அங்கே ஒரு களஞ்சியம் இருக்கிறது; ஒவ்வொரு யோசனையும் ஒரு இஷ்யூ. யோசனை சொல்பவர் ஒருவர், கருத்துச் சொல்பவர் ஒருவர், வேறு ஊரில் உட்கார்ந்து அதை எடுத்துச் செய்பவர் இன்னொருவர். எல்லோரும் பார்க்கும்படி திறந்திருப்பதால் புதிதாக வருபவருக்கு எதைச் செய்யலாம் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. தன்னார்வலர்களை வைத்து நடக்கும் எந்த முயற்சிக்கும், உங்கள் ஊர்க் கோயில் வரலாற்றுத் தளத்துக்கும்கூட, இது நல்ல முன்மாதிரி.

ஒரு எச்சரிக்கை: தனிநபர் கணக்கில் உள்ள களஞ்சியத்தில் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்தால் நிரலை மாற்றும் உரிமையும் அவருக்குப் போய்விடும். பேக்கிங் பார்ப்பவருக்கு அது தேவையில்லை. இலவசமாகவே ஆர்கனைசேஷன் கணக்கு தொடங்கி அளவான உரிமை கொடுங்கள். அல்லது பிழைகளுக்கென்று நிரல் இல்லாத தனிக் களஞ்சியம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அப்போது மாற்றக் குறிப்பில் #12 என்பதற்கு முன் உரிமையாளர் பெயரோடு அந்தக் களஞ்சியத்தின் பெயரையும் எழுத வேண்டும். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் கிட்ஹப் கணக்கு வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

9. மின்னஞ்சல் அனுப்பினாலே பதிவாகிற வசதி வேண்டுமா? கிட்ஹப்பைப் போன்ற கிட்லேபில் சர்வீஸ் டெஸ்க் என்று ஒன்று உண்டு. ஒரு முகவரிக்கு மின்னஞ்சல் வந்தால் அது பதிவாக மாறும், அனுப்புபவருக்குக் கணக்கு தேவையில்லை. கணக்குத் தொடங்கத் தயங்கும் உறவினர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. இலவசத் திட்டத்தில் தனிப்பட்ட குழுவுக்கு ஐந்து பேர் என்ற வரம்பு உண்டு. சிறு கடைக்கு அது போதும்.

10. சோகோ, ஜிரா. சென்னையில் தலைமையகமும் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகமும் வைத்திருக்கும் சோகோ நிறுவனத்துக்கு பக்டிராக்கர் என்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. இந்தியக் கணக்குகளின் தரவு இந்தியாவிலேயே உள்ள மையங்களில் சேமிக்கப்படுகிறது, கட்டணமும் ரூபாயில். கடையின் பில், மின்னஞ்சல் எல்லாம் ஏற்கனவே சோகோவில் ஓடினால் இதை முதலில் பாருங்கள்.

ஜிரா, 2002-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் வெளியிட்டது. ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் இதையே சொல்வார்கள். பத்துப் பேர் வரை இலவசம். ஆனால் பெரிய அணிகளுக்காகச் செய்யப்பட்டது. நிலைகளும் விதிகளும் ஏராளம். பிள்ளைகள் வேலைக்குப் போகும் முன் ஜிரா பழகிக்கொள்ள ஆசைப்படுவது நியாயம்தான். அதற்காகக் கடைப் பதிவேட்டைச் சுமையாக்க வேண்டாம்.

11. சொந்த சர்வரில் நிறுவுவது. இங்கே மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். 1998-இல் மோசில்லா திட்டத்துக்காக உருவான பக்ஸில்லா, 2000-இல் தொடங்கிய மான்டிஸ், 2006-இல் வந்த ரெட்மைன். மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள், உரிமக் கட்டணம் கிடையாது. இவற்றில் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் எளிதாக ஓடுவது மான்டிஸ்தான். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் போதும். உங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால் அதே ஹோஸ்டிங்கில் இதையும் வைக்கலாம். ரெட்மைனுக்கு ரூபி வேண்டும், மலிவான ஹோஸ்டிங் பலவற்றில் அது கிடைக்காது. பக்ஸில்லா சிறு தளத்துக்குத் தேவைக்கு மிஞ்சியது.

இலவசம் என்றாலும் வேலை உண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பை யார் போடுவது, பேக்கப்பை யார் எடுப்பது என்ற இரண்டு கேள்விக்கும் பெயரோடு பதில் இல்லையென்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம். தளம் இருக்கும் அதே சர்வரில் டிராக்கரும் இருந்தால், சர்வர் விழும் நாளில் அதை எழுதிவைக்கவும் இடம் இருக்காது. நிறுவுவதாக இருந்தால் தரவுத்தளத்தின் எழுத்துமுறை யுடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8 தமிழுக்குப் போதும். வாட்ஸ்அப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது கூட வரும் இமோஜிக்குப் போதாது. லத்தீன் எழுத்துமுறையில் தரவுத்தளம் இருந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படக்கூடும், பிறகு மீட்கவே முடியாது.

12. கட்டணத்தை ஆள் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். "மாதம் இவ்வளவுதான்" என்பது பெரும்பாலும் ஒரு ஆளுக்கு. ஆறு பேர், பன்னிரண்டு மாதம், டாலரில் என்றால் மாற்று விகிதம், அதன் மேல் வரி. ஒரு வருடத் தொகையைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

13. நிலைகள் மூன்று போதும்: புதியது, வேலை நடக்கிறது, முடிந்தது. இதற்கு மேல் வைத்தால் எதில் போடுவது என்ற யோசனையிலேயே நேரம் போகும். "முடிந்தது" என்று மூடும் உரிமை புகார் சொன்னவருக்கே இருக்கட்டும். கிட்ஹப்பில் தானாக மூடிக்கொண்டதையும் அவர் பார்த்து உறுதிசெய்யட்டும். சரிசெய்தவர் தன் மடிக்கணினியில் பார்த்திருப்பார். சொன்னவர் தன் பழைய ஆண்ட்ராய்டு போனில் பார்த்துவிட்டு மூடினால்தான் அது உண்மையில் முடிந்தது.

14. எழுதும் படிவத்தை டிராக்கரிலேயே வைத்துவிடுங்கள். புதிய பதிவைத் திறந்ததும் கேள்விகள் தாமாக வந்து நிற்கும்படி அமைக்க கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் வழி இருக்கிறது. நான்கு கேள்விகள்: என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? எந்தப் போன், எந்த பிரவுசர், எத்தனை மணிக்கு?

"சைட் வேலை செய்யல" என்ற பதிவை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டு கிலோ தேன்குழலைக் கூடையில் போட்டேன். முகவரியில் மலேசியா தேர்ந்தெடுத்தேன். அஞ்சல் குறியீடு 50000 என்று போட்டால் சிவப்புக் கட்டம் வருகிறது, மேலே நகரவில்லை. ஐபோன், சஃபாரி, இரவு எட்டு மணி, மலேசிய நேரம்" என்று எழுதினால் புரோகிராமர் கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கலாம். மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி இருப்பதால் எந்த ஊர் நேரம் என்பதைக் குறிப்பது அவசியம்; சர்வர் பதிவுகளில் தேடுபவர் தவறான நேரத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

15. பிழையா, வேண்டுகோளா என்று பிரிக்கும் வசதி இருக்கட்டும். ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்யப்படுவது. ஒன்றின் நிறம் இன்னொன்றில் அச்சாக வராது. "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்ற புகார் நிரல் பிழை அல்ல, பொருள் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டிய வேலை. அதையும் எழுதுங்கள், வேறு லேபிளில்.

அதேபோல அச்சகத்திலிருந்து வாங்கிய பொருள் பட்டியலைத் தளத்தில் ஒட்டும்போது தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறுவதும் நிரல் பிழை அல்ல. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. யூனிகோடுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். இந்தத் தீர்வை ஒருமுறை டிராக்கரில் எழுதிவைத்தால் அடுத்தமுறை அதே கேள்வி வரும்போது எண்ணைச் சொன்னால் போதும்.

16. வாடிக்கையாளர் விவரத்தைப் பதிவில் போட வேண்டாம். பணம் போய் ஆர்டர் வராத பிழைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதில் பெயர், போன் எண், வங்கி, யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாம் இருக்கும். எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் அதை ஏற்றுவது அந்த மனிதரை வீதியில் நிறுத்துவதற்குச் சமம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே இந்தியாவில் 2023-இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பிப் பணம் அனுப்பியவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை இது. ஏற்றும் முன் மறைத்துவிடுங்கள். கடையின் ஆர்டர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். தளத்தை உடைக்க வழிகாட்டும் பாதுகாப்புப் பிழைகளைப் பொதுவில் எழுதவே கூடாது. சில பதிவுகளை மட்டும் மறைவாக வைக்கும் வசதி கிட்லேபிலும் மான்டிஸிலும் உண்டு. கிட்ஹப்பில் பொதுக் களஞ்சியம் என்றால் இஷ்யூ எல்லாமே பொது. கடவுச்சொல்லும் பேமென்ட் சாவிகளும் எந்த டிராக்கரிலும் எழுதப்படக் கூடாதவை.

17. அவசரம் எது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யட்டும். நிரல் எழுதுபவருக்குப் பெரியதாகத் தோன்றும் பிழை கடைக்குச் சிறியதாக இருக்கலாம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் பலகாரப் பக்கத்தில் அளவு மாற்ற முடியாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. அடுத்த மாதம் அதுவே நடுத்தரம். ஆகையால் முன்னுரிமையை எளிதாக மாற்றவும், அதன்படி வரிசைப்படுத்தவும் முடிகிறதா என்று பாருங்கள். "எப்போதைக்குள்" என்று தேதி போடும் வசதி இருந்தால் பண்டிகைக் காலத்தில் கைகொடுக்கும்.

18. பழைய இடத்திலிருந்து மாறும்போது எண்களைக் கைவிடாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கித் திட்டங்களின் பிழைகளும் முன்பு பக்ஸில்லாவில் பதியப்பட்டு வந்தன. 2014 நவம்பரில் விக்கிமீடியா அவற்றை ஃபேப்ரிகேட்டர் என்ற மென்பொருளுக்கு மாற்றியபோது ஒரு எளிய ஏற்பாடு செய்தது: பழைய எண்ணோடு 2000 கூட்டினால் புதிய எண். பழைய 1 இப்போது 2001. பத்து வருடம் முன்பு யாரோ ஒரு பேச்சுப் பக்கத்தில் குறித்துவைத்த எண்ணைக்கூட இன்று கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் கூகுள் ஷீட்டிலிருந்து மாறும்போதும் ஷீட்டின் எண்ணைப் புதிய பதிவின் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஏற்கனவே முடிந்த பிழைகளைக் கொண்டுபோகத் தேவையில்லை. பழைய ஷீட்டைப் படிக்க மட்டும் திறந்து வைத்தால் போதும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் அந்த ஃபேப்ரிகேட்டர் பக்கத்தை ஒருநாள் சுற்றிப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு பிழை பதியப்படுவது முதல் மூடப்படுவது வரை எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், ஒரே பிழை இரண்டு முறை பதிவானால் எப்படி ஒன்றாக இணைக்கிறார்கள் என்பதை அங்கே காசில்லாமல் கற்கலாம்.

19. சென்ட்ரி போன்ற மென்பொருள்கள் வேறு வகை. அவை தளத்தின் நிரல் தடுமாறும் போதெல்லாம் தாமாகப் பிடித்துப் புரோகிராமருக்குச் சொல்லும். பயனுள்ளவை, ஆனால் டிராக்கருக்கு மாற்று அல்ல. விலை தவறாக அச்சாகியிருப்பது, பொத்தான் விரலுக்குச் சிக்காத அளவு சிறியதாக இருப்பது போன்றவை எந்த இயந்திரத்துக்கும் பிழையாகத் தெரியாது.

20. முடிவெடுக்கும் முன் இரண்டை மட்டும் எடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறை ஒப்பிடத் தொடங்கினால் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டீர்கள். உண்மையாக நடந்த அதே பிழைகளை இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். திங்கள்கிழமை பேக்கிங் பார்க்கும் அக்கா யார் உதவியும் இல்லாமல் ஒரு படத்தோடு ஒரு பதிவு போடட்டும். புதன்கிழமை மலேசியா மைத்துனர் தன் போனிலிருந்து போடட்டும். வெள்ளிக்கிழமை, தளத்தைக் கட்டுவதில் பங்கே இல்லாத ஒரு மாணவரை அழைத்து, பட்டியலைக் காட்டி, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள். யாரும் விளக்காமல் அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் சொல்லிவிட்டார் என்றால், அக்காவுக்கு எது பிடித்ததோ அது.